பதினோராவது கிணறு

ஆத்தா,

இன்று விடிந்ததும் மழை வந்தது. ஐப்பசி மழைதான், மேகமலைப் பக்கமிருந்து இறங்கி நம் தோட்டத்துத் திராட்சைப் பந்தலைத் தட்டிவிட்டு மேற்கே ஆற்றைப் பார்க்கப் போயிற்று. நான் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஓடைக்கரைக் குப்பைமேடு நனைந்தால் அந்தக் காலத்தில் முதலில் தெரிவது நம் வீட்டு மூக்குக்குத்தான். அழுகின முட்டைக்கோசும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்த நாற்றம். உன் மதினி சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சோறு பரிமாறுவாள். இன்று ஈர மண்ணும், திராட்சை இலையில் நேற்று அடித்த மருந்தும்தான் மணத்தன. "என்ன மோந்து பாக்குறீக?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். சொன்ன பிறகுதான், அந்த ஒண்ணுமில்லை என்பதற்கு நீ எத்தனை வருஷம் உழைத்தாய் என்று நினைத்துக்கொண்டேன். காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி, நீ எங்களை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மடல் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. பேரூராட்சி உறுப்பினராக இருந்த காலத்தில் தீர்மானம் எழுதியிருக்கிறேன், மனு எழுதியிருக்கிறேன். அதிலெல்லாம் 'மேற்படி' என்றும் 'மேற்கண்ட' என்றும் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். உன்னிடம் அது நடக்காது. ஒருமுறை தப்பிக்கப் பார்த்தேன், அதைத்தான் எழுதப்போகிறேன். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் இருக்கிற பெரிய கதை அது. அதில் நான் நல்லவனாக இல்லை என்பதற்காக விட்டுவிட முடியாது.

தொண்ணூற்றாறில் நான் முதல்முறை ஜெயித்தபோது நம் கடைவீதி இருந்த லட்சணம் உனக்கு ஞாபகம் இருக்கும். சந்தைக்குப் பின்னால் முழங்கால் உயரக் குப்பை. காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் நிற்கிற இடத்தில் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். ஓடைக்கரையில் கல் உடைத்துவிட்டுப் போன பள்ளம் ஒன்று புறம்போக்கில் கிடந்தது. "அங்கன கொண்டுபோய்த் தட்டுவோம்" என்று மன்றத்தில் எழுந்து சொன்னவன் நான். குப்பை அள்ள டிராக்டர் கேட்டு வாங்கியவனும் நான். ஆறு மாதத்தில் வீதி துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. வியாபாரிகள் கூப்பிட்டு மாலை போட்டார்கள்.

அந்த மாலையோடு வீட்டுக்கு வந்தேன். நீ மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய், விடுமுறைக்கு வந்திருந்தாய்.

"அங்கன கொட்டுறது சரிண்ணே. மழை பெஞ்சா அந்தத் தண்ணி எங்கன போகும்?" என்று கேட்டாய்.

"ஓடையில போகும்."

"ஓடையில போனது போக மிச்சம்?"

நான் மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருஷம் கழித்து அதே கேள்வியோடு நீ திரும்பி வந்தாய். அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தாய். "நம்ம ஊர்க் குப்பைமேட்டத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துருக்கேன்" என்றாய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரணம் உனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் ஜெயித்திருந்தேன். பள்ளம் நிரம்பி மேடாகியிருந்தது. தெற்கே இருந்த ஐந்து ஏக்கர் புறம்போக்கிலும் பரத்தி, சுற்றுப்பட்ட ஊர்க் குப்பையையும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். அது நிறைவேறினால் அடுத்த தடவை தலைவர் நாற்காலி எனக்குத்தான் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கப்போகிற தங்கச்சி வந்து, 'இதனால் கெடுதல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் யார் வாயைத் திறப்பான்?

நீ முதலில் செய்தது டிராக்டர் ஓட்டுகிற செல்லையாவைத் தேடிப் போனது. மேடு எந்த வருஷம் எதுவரைக்கும் வளர்ந்தது என்று உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பேரூராட்சிக் கோப்பில் அது இல்லை. செல்லையாவின் தலைக்குள் இருந்தது. "எம்மக சமைஞ்ச வருசம் வேம்பு வரைக்கும் வந்துச்சும்மா. இவுக ரெண்டாவது தடவை ஜெயிச்சப்ப வரப்பத் தொட்டுருச்சு" என்று அவன் சொல்லச் சொல்ல, நீ வேம்புக்கும் வரப்புக்கும் நாடா பிடித்து அளந்தாய். மேடு பரவப் பரவ அதில் ஊறி இறங்குகிற மழையும் கூடும், அதனால் எந்த வருஷம் எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கின் ஆரம்பம் என்றாய்.

பிறகு குப்பைமேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பதினோரு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தாய். ஊருக்கே தண்ணீர் ஏறுகிற குடிநீர்க் கிணறு ஒன்று. மற்ற பத்தும் தோட்டத்துக் கிணறுகள். பதினோராவது நம்முடையது. மாதம் ஒருமுறை எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் எடுக்க வேண்டும், பேனா மாதிரி இருந்த அந்த மீட்டரை முக்கி உப்பைப் பார்க்க வேண்டும். குப்பையில் ஊறின தண்ணீரில் உப்பு அதிகம், அந்த உப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தால் அழுக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும் என்று எங்களுக்குச் சொன்னாய். நீ மதுரையில் இருக்கிற மாதங்களில் அந்த வேலை உன் மதினியுடையது. "ஒண்ணாந்தேதி எடுங்க மதினி" என்றாய். "தேதியெல்லாம் எனக்கு மறந்துபோகும் புள்ள. அமாவாசை மறக்காது" என்றாள். அவளுக்காக நீ கம்ப்யூட்டரில் இருந்த கணக்கையே அமாவாசைக்கு அமாவாசை என்று மாற்றிக்கொண்டாய். அதை அவள் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

கணக்கு என்ன என்று நான் கேட்ட நாள் நினைவிருக்கிறது. கூடத்தில் ஊர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாய். அதன்மேல் பென்சிலால் நூற்றுக்கணக்கில் கட்டம் போட்டிருந்தாய்.

"இதென்ன, ஊருக்கு ஜாதகம் எழுதுறியா?" என்றேன்.

"ஜாதகம் தப்புனா பரிகாரம் சொல்வாக. இது தப்புனா தப்புன்னு நான் ஒத்துக்கணும். அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றாய்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு பக்கமும் மடை இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டுக் கட்டத்திலிருந்து பள்ளக் கட்டத்துக்குத் தண்ணீர் போகும், போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். கிணற்றில் மோட்டார் ஓடினால் அந்தக் கட்டம் பள்ளமாகிவிடும், சுற்றியுள்ள கட்டத்துத் தண்ணீரை இழுக்கும். ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்து, அதையே திரும்பத் திரும்பச் செய்தால் இன்னும் இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று இப்போதே பார்த்துவிடலாம். "வயலுக்குத் தண்ணி கட்டுறவன் கணக்குத்தாண்ணே. இங்கன மடை கண்ணுக்குத் தெரியாது" என்றாய். பெருமையாக இருந்தது. நம் வீட்டில் எல்லாருமே தண்ணீர் கட்டினவர்கள்தான். பாறைக்குள் தண்ணீர் கட்டினவள் நீ ஒருத்தி.

கிணற்றுக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு படிவம் நிரப்பினாய். ஆழம் எவ்வளவு, மோட்டார் எத்தனை குதிரைத் திறன், எத்தனை மணி நேரம் ஓடுகிறது. கடைசிக் கேள்வி, 'சைடு போர் உண்டா?' கிணற்றின் அடியில் நின்றுகொண்டு பக்கவாட்டில் பாறையைத் துளைத்துக்கொண்டு போவதற்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர். நம் கிணற்றுக்கு நான் பதில் சொல்ல நீ எழுதினாய். கடைசிக் கேள்விக்கு நான் "இல்ல" என்றேன். நீ 'இல்லை' என்று அழகாக எழுதினாய்.

இருந்தது. அதற்கு முந்தின வறட்சியில் போட்டேன். கிழக்கே, ஓடையைப் பார்க்க. நடுவில் இருப்பது நம் பங்காளி, கிழக்குத் தோட்டத்து அண்ணனின் நிலம். அவர் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்த வாரத்தில், அவர் நிலத்துக்கு அடியில், அவருக்குத் தெரியாமல். துளை அவர் நிலத்தைத் தாண்டி ஓடைப் புறம்போக்கு வரைக்கும் போய்விட்டது. நமக்குத் தண்ணீர் கூடியது. அடுத்த கோடையில் அவர் கிணறு இறங்கியது. உறுப்பினராக இருந்துகொண்டு இப்படிச் செய்ததை எப்படி வெளியே சொல்வது? போர் போட்ட ஆட்களுக்குச் சமைத்துப் போட்ட உன் மதினி தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷ அளவு சேர்ந்ததும் நீ கணக்கை ஓட்டிப் பார்த்தாய். மதுரையிலிருந்து தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தாள், உப்பு பரவிய இடத்துக்கு நீயே கலர் பென்சிலால் வண்ணம் அடித்திருந்தாய். முதல் தாளில் ஓடைக்கரையில் ஒரு பொட்டு. போகப் போக அது மேற்கே நீண்டுகொண்டு வந்தது. உன் மதினி பார்த்துவிட்டு, "சேலையில மஞ்சத்தண்ணி கொட்டுன மாதிரி ஊறுதேடி!" என்றாள். நான் குடிநீர்க் கிணறு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஐந்து ஏக்கரிலும் பரத்தினால், ஆறாம் வருஷத் தாளில் வண்ணம் அதைத் தொட்டிருந்தது.

ஆனால் நீ சந்தோஷமாக இல்லை. பத்துக் கிணற்றில் கணக்குச் சொன்ன எண்ணும் மீட்டர் காட்டிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பதினோராவதில் மட்டும் உதைத்தது. கணக்குப்படி நம் கிணற்றுக்கு உப்பு வர இன்னும் பல வருஷம் ஆக வேண்டும். மீட்டரில் அது ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தேன்.

பதினாலு மாதம் பேசாமல் இருந்தேன், ஆத்தா. நீ மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வேறு மீட்டர் வாங்கினாய். பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லையோ என்று உன் மதினியைக் கேட்டாய், அவள் ஒருநாள் முழுக்க உன்னோடு பேசாமல் இருந்தாள். நம் தோட்டத்தில் போட்ட உரக் கணக்கை எல்லாம் கேட்டு எழுதினாய். பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் நாலு மணி நேரம் திரும்பிப் போவாய். மெலிந்துபோனாய். உன் பேராசிரியர் ஒரு வழி சொன்னார் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய். நம் தோட்டம் இருக்கிற கட்டங்களில் மட்டும் பாறை கொஞ்சம் இளக்கமாக இருப்பதாக எண்ணை மாற்றி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். எல்லாரும் செய்வதுதானாம்.

"அப்ப செஞ்சிர வேண்டியதுதான? உனக்குப் பட்டம் கிடைக்கணும்ல?" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி.

"ஒரு எண்ணை மாத்துனாப் போதும்ண்ணே, எல்லாம் ஒழுங்கா வந்துரும். ஆனா அந்த எடத்துல மட்டும் பாறை ஏன் வேற மாதிரி இருக்கணும்? அது தெரியாம மாத்துனா, ஆறு வருசத்துல ஊர்த்தண்ணி கெடும்னு நான் சொல்றதுக்கும் மரியாத கெடையாது."

அதற்கு மேல் நீ சாப்பிடவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் மதினியிடம் சொன்னாய்: "நம்ம கெணத்துக்குப் பாறைக்குள்ள ஏதோ ஒரு வழி இருக்கு மதினி. எனக்குத்தான் தட்டுப்பட மாட்டேங்குது."

உன் மதினிக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. நீ மதுரைக்குப் பஸ் ஏறியதும் என் முன்னால் வந்து நின்றாள். "அந்த ஓட்டையத்தான் அந்தப் புள்ள தேடுதா?" நான் தலையை ஆட்டினேன். "அடப்பாவி மனுசா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி அழைத்ததில்லை. "நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

அடுத்த தடவை நீ வந்தது சித்திரையில். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. "ஒரு சாமான் காட்டணும், வா" என்று உன்னைக் கூட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். கடைசிப் படிக்குப் பக்கத்தில் கிழக்குச் சுவரில் அந்தத் துளை. விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ பார்த்துவிட்டாய். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ பையிலிருந்து நோட்டை எடுத்தாய்.

"எந்த வருசம் போட்டது?"

சொன்னேன்.

"எத்தன அடி?"

"நூத்தம்பது இருக்கும்."

"இருக்கும் கிருக்கும் வேணாம். சரியாச் சொல்லுண்ணே."

"நூத்தி அறுவத்தி ரெண்டு."

எழுதிக்கொண்டாய். துளைக்குக் கீழே பாட்டிலைப் பிடித்து, மீட்டரை முக்கினாய். எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாய். நான் உன் தோளைத் தொட்டு, "அண்ணன் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "அதுக்கு அழுகல" என்றாய். "நான் தப்பாப் போடல. கணக்கு சரியாத்தான் இருந்துருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாய். "பதினாலு மாசம்ண்ணே!"

சைடு போரைச் சேர்த்து நீ மறுபடி ஓட்டிய கணக்கில் பதினோராவது கிணறும் வந்து உட்கார்ந்தது. பேராசிரியர் மூன்று முறை சரிபார்த்தாராம்.

நீ அதோடு நின்றிருந்தால் உனக்குப் பட்டம், எனக்குத் தீர்மானம் என்று எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். மன்றக் கூட்டத்தில் பேச நேரம் வேண்டும் என்று நீ தலைவருக்கு மனுப் போட்டாய். "அண்ணன் கொண்டாந்த தீர்மானத்த நீயே வந்து எதுக்கப்போறியா?" என்று கேட்டேன். "தீர்மானத்த எதுக்கல. என்ன நடக்கும்னு சொல்லப்போறேன். எதுக்குறதும் எதுக்காததும் உங்க வேல" என்றாய்.

அன்றைக்கு மன்றம் நிறைந்திருந்தது. குடிநீர் என்றதும் ஜனங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கிழக்குத் தோட்டத்து அண்ணனும் வந்திருந்தார். நீ தாள்களைச் சுவரில் ஒட்டினாய். குப்பைமேட்டை விரித்தால் என்ன ஆகும், இப்படியே விட்டால் என்ன ஆகும், கொட்டுவதை நிறுத்திக் களிமண் போட்டு மூடிச் சரிவாக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். தெரியாததைத் தெரியாது என்றாய். "ஆறு வருசம்னு சொல்றேன். ஒரு வருசம் முன்ன பின்ன ஆகலாம். ஆகாம இருக்காது" என்றாய். மூடினாலும் உடனே குணம் தெரியாது, ஏற்கெனவே கிளம்பின தண்ணீர் வந்து சேருகிறவரைக்கும் மூன்று வருஷம் நம் தோட்டத்துப் பக்கம் உப்பு ஏறத்தான் செய்யும், அதற்குப் பிறகுதான் இறங்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாய். அப்படி மறைக்காமல் சொல்வது ஓட்டுக் கேட்கிறவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு உறுப்பினர் எழுந்தார். "பூமிக்குள்ள நடக்குறத நீ எங்கம்மா கண்ட? உன் கணக்கு சரின்னு எத வச்சு நம்புறது?"

"பதினோரு கெணத்துல அளந்து பாத்துருக்கேன் அய்யா. பத்து முதல்லயே சரியா வந்துச்சு. பதினொண்ணாவதுல…" என்று நிறுத்தினாய். என் பக்கம் பார்க்கவே இல்லை. "பதினொண்ணாவதுல ஒரு தகவல் விட்டுப்போச்சு. அத அப்புறம் சேத்துக்கிட்டேன்."

எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். "விட்டுப்போகல. நான் மறைச்சேன்" என்றேன். சைடு போர் போட்டதைச் சொன்னேன். யார் நிலத்துக்கு அடியில் போனது என்று சொன்னேன். அது குப்பைமேட்டு ஓரத்தில் போய் நிற்பதையும், என் மோட்டாரை நானே போட்டுக் குப்பைத் தண்ணீரை இழுத்துக் குடித்துக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

சுவரோரத்திலிருந்து கிழக்குத் தோட்டத்து அண்ணன் கத்தினார்: "ஏலே! கெணறு வத்துனது சாமி குத்தம்னு ரெண்டு கெடா வெட்டுனேனேடா! அந்தக் கறிய நீயும் வந்து தின்னியேடா!"

மன்றமே சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். நீயும் சிரித்தாய், தாளால் வாயை மறைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் என் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் தலைவர் நாற்காலி பற்றிப் பேசவில்லை. பேசாததில் எனக்கு வருத்தமும் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கொஞ்சம் வருத்தம் இருந்தது.

துளையைச் சிமெண்டு வைத்து அடைத்த அன்று கிழக்குத் தோட்டத்து அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார். குப்பைமேட்டை மூடி முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. காய்கறிக் கழிவைத் தனியே பிரித்து உரமாக்க மேட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டார்கள். செல்லையாதான் அதற்கு மேஸ்திரி. நீ டாக்டர் ஆனாய். பட்டமளிப்பு விழாவுக்கு நானும் உன் மதினியும் மதுரைக்கு வந்தோம். உன் ஆய்வேட்டை எனக்குக் கொடுத்தாய். ஆங்கிலம். முதல் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த இடத்தை மட்டும் நீயே தமிழில் படித்துக் காட்டினாய். மாதம் தவறாமல் தண்ணீர் எடுத்த மதினிக்கு நன்றி. மேடு வளர்ந்த கதை சொன்ன செல்லையாவுக்கு நன்றி. "பதினோராவது கிணற்றின் உண்மையைச் சொன்ன அண்ணனுக்கு" என்று இருந்தது. மறைத்த அண்ணனுக்கு என்று எழுதியிருக்கலாம். நீ எழுதவில்லை.

மூடின பிறகு உப்பு ஏறியது, நீ சொன்னபடியே. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "மூடியும் ஏறுதேப்பா, உன் தங்கச்சி கணக்கு அம்புட்டுத்தானா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். போனில் உன்னிடம் சொன்னபோது, "மூணு வருசம்னு சொன்னேன்ல? எண்ணிக்கிட்டே இரு" என்றாய். ஒவ்வொரு அமாவாசைக்கும் உன் மதினி எடுத்தாள், நான் எழுதினேன். இரண்டாம் வருஷம் முடியும்போது நீ காய்ச்சல் என்று படுத்தாய். ரத்தத்தில் வந்த நோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கடைசி வாரத்தில் உன் மதினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, "இந்த அமாவாசைக்கு எம்புட்டு மதினி?" என்று கேட்டாய். அவள் சொன்னாள். "ஏறத்தான் செய்யும்" என்றாய். பயமே இல்லாமல் சொன்னாய்.

நீ போன பிறகும் எழுதினோம். முதல் எட்டு மாதம் ஏறியது. ஒன்பதாம் மாதம் எண் நகரவில்லை. அதற்கடுத்த அமாவாசையில் ஒரு துளி குறைந்தது. மீட்டர் பழசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தேனிக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். அதிலும் குறைந்தது. மூன்று அமாவாசை தொடர்ந்து குறைந்த பிறகுதான் உன் மதினியிடம் வாய் திறந்தேன். அவள் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ சொன்ன மூன்று வருஷத்துக்கு ஒரு மாதம் முந்தி வந்துவிட்டது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். கேட்டவன், கேட்காதவன் எல்லாரிடமும் காட்டினேன். குடிநீர்க் கிணற்றில் உப்பு கடைசிவரை குடிக்கத் தகுந்த அளவைத் தாண்டவில்லை. இன்றைக்கு ஊர் குடிக்கிறது.

போன மாதம் பக்கத்து ஊரில் புதிதாகக் குப்பை கொட்ட இடம் பார்த்து, அதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். உன் ஆய்வேட்டில் இருக்கிற வண்ணத் தாள்களைப் பெரிதாக நகல் எடுத்துக்கொண்டு போனேன். நீ சுவரில் ஒட்டிய வரிசையிலேயே ஒட்டினேன், எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள், உறுப்பினராம். "எல்லாம் கம்ப்யூட்டர் சொல்றதுதானய்யா? அத நம்பி எப்படி முடிவெடுக்குறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நீயும் நல்ல கேள்வி என்றுதான் சொல்லியிருப்பாய்.

"கம்ப்யூட்டரு தப்பாத்தான் சொல்லுச்சு தாயி" என்றேன். "ஒரு கெணத்துல தப்பா வந்துச்சு. ஒரு எண்ணை மாத்தி வச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் தப்பா வருதுன்னு பதினாலு மாசம் தேடுனா என் தங்கச்சி, பொய் சொன்னது சொந்த அண்ணன்னு தெரியுற வரைக்கும். அவ போட்ட கணக்க நீங்க நம்பலாம்."

அந்தப் பெண் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நான் அடுத்த தாளைக் காட்டினேன்.